காது மாஸ்டருக்குக் கேளாத பாட்டு

மன்னார் சின்னக்கடையில் எமிலியாம்பிள்ளையின் வீடு எது என்று கேட்டால் சனம் கொஞ்சம் யோசிக்கும். காது மாஸ்டரின் வீடு என்று கேட்டால், ஐஸ் விற்றுக்கொண்டு சைக்கிளில் போகிறவர்கூட நிற்காமலே கையைக் காட்டிவிட்டுப் போவார். கோயில் பாடகர் குழுவை முப்பது வருடங்களுக்கு மேலாக நடத்தியதால் அவர் மாஸ்டர். அந்தக் குழுவில் இருபது பேர் சேர்ந்து பாடும்போதும், யாருடைய சுருதி ஒரு மயிரிழை இறங்கியது என்று விரலை நீட்டிக் காட்டுவார் என்பதால் காது. ஊருக்குப் புதிதாக வந்த சிலர் அதைக் காதர் மாஸ்டர் என்று விளங்கிக்கொண்டு அவரைக் கண்டதும் ஸலாம் சொல்வார்கள். அவரும் திருப்பி ஸலாம் சொல்லிவிட்டுப் போவார். திருத்துவதற்கு அவருக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. பெயரில் காது இருந்தால் அவருக்குப் போதும்.

அந்தக் காதைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை சின்ன வயதிலேயே தொடங்கியது. பிறந்தது தலைமன்னாரில். தகப்பன் பியரில், கப்பல் வந்து அணைகிற துறையில், வேலை செய்தவர். இந்தியாவிலிருந்து கப்பல் வருகிற நாட்களில், ஊதுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல் என்று சிறுவன் எமிலியான் வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடுவானாம். அந்தக் காலத்தில் ஓடியவை இரண்டே இரண்டு கப்பல்கள் என்பதைப் பிற்பாடு அவரே சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி நாள் சரியாகத்தான் வந்திருக்கும்.

பிறகு தபால் கந்தோரில் தந்திப் பகுதியில் வேலை கிடைத்தது. கருவி கடகடக்க, அதைக் காதால் வாங்கிக் கையால் எழுதுகிற வேலை. பக்கத்தில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டே, பால் விடாத பிளேன்ரீயையும் குடித்துக்கொண்டே, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவார். அதை வேடிக்கை பார்க்கவென்றே சிலர் கந்தோருக்கு வருவார்கள். அப்படி யாராவது வந்து நின்றால் அவர் பிளேன்ரீயை இன்னும் மெதுவாகக் குடிப்பார்.

சண்டைக் காலத்தில், குடும்பத்தோடு மடு மாதா கோயிலடியில் மரங்களின் கீழ் இருந்தபோது, அந்தக் காதுக்கு வேறு வேலை வந்தது. தூரத்தில் குண்டுச் சத்தம் கேட்டால், பக்கத்துக் கொட்டில்களில் இருந்த சனம் வானத்தைப் பார்க்காது. எமிலியாம்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். "இது எங்களைத் தாண்டிப் போகுது" என்று அவர் சொன்னால், அடுப்பை அணைக்காமல் சமையலைத் தொடர்வார்கள். உண்மையில் முக்கால்வாசி நேரம் அவர் குத்துமதிப்பாகத்தான் சொன்னார். தன்னுடைய நெஞ்சு அடிக்கிற சத்தத்தை மீறி அவருக்கு வேறொன்றும் கேட்கவில்லை. மாதா பார்த்துக்கொண்டார், பேர் எனக்கு வந்துவிட்டது என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. பேரை வாங்கி வைத்துக்கொண்டார்.

சண்டை முடிந்து சின்னக்கடைக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை போட்டு, மனைவி றோசம்மா முற்றத்தில் கீரைப் பாத்தி போட்ட பிறகு, அவருக்குக் கிடைத்த எதிரி கழுதைகள். மன்னார் கழுதைகளுக்கு யாருடைய வளவு என்ற கணக்கில்லை. விடியப்புறம் நாலைந்தாக வந்து, கீரையைத் தின்று, புல்லைத் தின்று, கயிற்றில் கிடந்த எமிலியாம்பிள்ளையின் சாரத்தின் ஒரு மூலையையும் மென்று பார்த்துவிட்டுப் போகும். கடைசியில் பக்கத்து வீட்டு நுஃமானிடம் சொல்லி வாசலுக்கு ஓர் இரும்புக் கேற் போட்டார். நுஃமான் புத்தளத்தில் வளர்ந்து, சண்டைக்குப் பிறகு தாய் ஹவ்வா உம்மாவோடு பூர்வீக வளவுக்குத் திரும்பி வந்தவர். பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கேற் போட்ட அன்று மாஸ்டர் அதைத் திறந்து பூட்டித் திறந்து, "கீல் ரெண்டும் ஒரே சுருதி" என்று தீர்ப்புச் சொன்னார். நுஃமானுக்கு அதில் பெருமை.

அந்த வருடம் மாரி நன்றாகப் பெய்தது. கழுதைகள் உள்ளே வராததால் முற்றத்துப் புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்தது. வெட்ட வேண்டும் என்று எமிலியாம்பிள்ளை நினைத்துக்கொண்டே இருந்தார். இடுப்பு நோவு இருந்ததால் நினைத்ததோடு சரி.

ஒருநாள் பொழுதுபட்டு, செபமாலை சொல்லி முடித்து எழும்பும்போது றோசம்மா யன்னலைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, உது என்ன சத்தம்?"

"எது?"

"யன்னலுக்கு வெளியில. கிர்ர்ர் எண்டு, விடாம ஒரே இழுவையா. காதுக்குள்ள ஊசி ஏத்தின மாதிரி."

எமிலியாம்பிள்ளை யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். தவளைகள் கத்தின. பெரிய பாலப் பக்கம் லொறி ஒன்று போனது. எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ அழுதார்கள். இவை எல்லாம் கேட்டன. றோசம்மா சொன்ன இழுவை மட்டும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உனக்குப் பிரமை என்று சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் சொல்லவில்லை. ஊரே காது என்று கூப்பிடுகிற மனுஷன், மனைவிக்குக் கேட்கிறது தனக்குக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஓம், ஓம். சில்வண்டு" என்றார்.

"சில்வண்டு விட்டு விட்டெல்லோ கத்தும்?"

"இது வேற இனம்."

அந்தப் பொய் அன்றோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அடுத்தடுத்த நாளும் சத்தம் வந்தது. பொழுதுபட்டதும் தொடங்கி, றோசம்மா தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு படுக்கிற வரைக்கும் விடவில்லையாம். மதிலுக்கு அப்பால் நுஃமானுக்கும் கேட்டது. அவர் முதலில் தன் வீட்டுத் தண்ணீர்ப் பம்புதான் பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை நிற்பாட்டிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. பிறகு மின்கம்பத்தில் ஏதோ கசிகிறது என்று நினைத்து, மின்சாரக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் கம்பத்தடியில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "எங்கட சாமான் இப்பிடிக் கத்தாது. இது உயிருள்ள சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹவ்வா உம்மா மட்டும் அது பாம்பு என்று நின்றார். பாம்பு கத்துமா என்று மகன் கேட்டதற்கு, கத்தாத பாம்பைத்தான் நீ கண்டிருக்கிறாய் என்றார்.

ஹவ்வா உம்மாவுக்கும் கேட்கிறது என்றதும் எமிலியாம்பிள்ளைக்குத் தப்ப வழியில்லாமல் போனது. அவர் தன்னைவிட மூத்தவர். சில நாட்களுக்கு முன்புவரை, எல்லாரும் சேர்ந்து தன்னை வைத்துப் பகிடி பண்ணுகிறார்கள் என்ற ஒரு நம்பிக்கையாவது அவருக்கு மிச்சம் இருந்தது. ஹவ்வா உம்மா பகிடி பண்ணுகிற ஆள் இல்லை.

யாருக்கும் தெரியாமல், உள்ளிப் பல்லுப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை இரண்டு காதிலும் விட்டு, தலையைச் சரித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். ஊத்தைதான் அடைத்திருக்கிறது, எண்ணெய் விட்டால் இளகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எண்ணெய் இளகித் தலையணையில் ஊறியது. றோசம்மா உறையை மாற்றிக்கொண்டே, "தலைக்கு எண்ணெய் வச்சால் துடைச்சுப்போட்டுப் படுங்கோவன்" என்று மட்டும் சொன்னார்.

இதற்கிடையில் தீர்ப்புக் கேட்டு நுஃமான் வந்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்கதான் சொல்லணும். எங்கட காதெல்லாம் ஒரு காதா? இது எங்க இருந்து வருது?"

இந்த இடத்திலாவது எமிலியாம்பிள்ளை இறங்கியிருக்கலாம். ஆனால், 'நீங்கதான் சொல்லணும்' என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குத் தலை தானாக நிமிர்ந்துவிடும். முற்றத்து நடுவில் போய் நின்று, கண்ணை மூடி, முகத்தை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது எதிரே முருங்கை மரம் நின்றது.

"முருங்கையில" என்றார். "நடுக் கொப்பு. சுருதி நாலரைக் கட்டை."

மாஸ்டரே சொல்லிவிட்டார் என்று நுஃமான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கையின் நடுக் கொப்பைப் பிடித்து உலுக்கினார். பாட்டுக்காரர் எவரும் விழவில்லை. மாரிகாலத்து முருங்கையில் இருக்க வேண்டியதுதான் விழுந்தது. மயிர்க்கொட்டிப் புழுக்கள் கொத்துக் கொத்தாக நுஃமானின் கழுத்திலும் முதுகிலும் விழுந்தன. அந்த மனுஷன் அடுத்த நாள் கடைக்குப் போகாமல், உடம்பெல்லாம் தடிப்போடு வீட்டில் சொறிந்துகொண்டு இருந்தார். அப்போதும் மாஸ்டரைக் குறை சொல்லவில்லை. பூச்சி மரம் மாறி இருக்கும் என்றார். எமிலியாம்பிள்ளை ஒரு போத்தல் பூச்சு மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, அவருடைய முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

அடுத்து வந்த ஞாயிறு பின்னேரம் நுஃமானும் ஹவ்வா உம்மாவும் தொதல் என்ற இனிப்புக் கொண்டு வந்திருந்தார்கள். றோசம்மா முற்றத்தில் கதிரைகளைப் போட்டார். மழை விட்டிருந்தது. பொழுது படப்படப் பேச்சு மெல்லக் குறைந்தது. மூன்று பேருடைய முகமும் ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்து, சத்தம் தொடங்கிவிட்டது என்று எமிலியாம்பிள்ளை விளங்கிக்கொண்டார். இந்த வித்தை அவருக்கு இப்போது கைவந்திருந்தது. மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத் தானும் முகத்தை வைத்துக்கொள்வது.

ஆனால் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் காற்றில் தாளம் போட்டபடி விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"வடிவாக் கேளுங்கோ. ஒரே சுருதி எண்டுதான் நினைப்பியள். ஆனா உள்ளுக்க ஒரு சின்ன அசைவு இருக்கு. இந்தா, இப்ப கொஞ்சம் ஏறுது. இப்ப நிண்டு பிடிக்குது. இனி இறங்கும் பாருங்கோ. இறங்குது, இறங்குது..."

எல்லாரும் தன் விளக்கத்தில் சொக்கிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறக்கினார். கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர்" என்றார் ஹவ்வா உம்மா, மிக மெதுவாக. "அது நிண்டு இவ்வளவு நேரமாச்சே."

நுஃமான் தன் செருப்பை உற்றுப் பார்த்தார். றோசம்மா எழும்பி, "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று உள்ளே போனார். எமிலியாம்பிள்ளையின் கை இன்னும் காற்றில் நின்றது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் தொதலை எடுத்து வாயில் வைத்தார். தொதல் வாயில் இருந்தால் பேச வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் தின்ற தொதலுக்கு மறுநாள் சீனி வருத்தக் கிளினிக்கில் பேச்சு வாங்கினார்.

அவர்கள் போன பிறகு குசினி வாசலில் போய் நின்றார். றோசம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பவில இருந்து?" திரும்பாமலே கேட்டார்.

"என்ன எப்பவில இருந்து?"

"கேக்காதது."

"எல்லாம் கேக்குது. நீ கதைக்கிறது கேக்கேல்லையோ? உந்தப் பூச்சி மட்டும்தான்."

"உங்கட கைமணிக்கூட்டை ரெண்டு தரம் கடைக்குக் கொண்டு போனியள். மணிக்கு மணி அடிக்கிறது நிண்டு போச்செண்டு. அந்தப் பெடியன் அடிக்குது எண்டு சொல்ல, அவனோட சண்டையும் பிடிச்சியள். அது அடிக்கிறதுதான். இப்பவும் அடிக்குது. நான்தான் ஒண்டும் சொல்லாம விட்டனான்."

எமிலியாம்பிள்ளை கையில் கிடந்த மணிக்கூட்டைப் பார்த்தார். அதற்காகக் கடைக்காரரை ஒரு கள்ளன் என்றே சொல்லிவிட்டு வந்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பெற்றிசியா நினைவுக்கு வந்தாள். பாடகர் குழுவில் பெண்கள் பகுதியின் நல்ல குரல். ஒரு வருடமாக அவளைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். 'எழுத்தை விழுங்காதை பிள்ளை, இயேசு எண்டு சொல்லேக்குள்ள சு எங்க போனது?' என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டு, கடைசியில் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பியும் இருந்தார். அவள் போய்ப் பின்னால் நின்றாள்.

"அந்த சு அவளிட்ட இருந்திருக்கு" என்றார் குசினி வாசலில் நின்றபடி. "என்னட்டத்தான் வந்து சேரேல்லை."

றோசம்மாவுக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

அடுத்த நாள் பொழுதுபட்டதும், "வா, அதைப் பிடிச்சுப் பாப்பம்" என்று எமிலியாம்பிள்ளை ரோர்ச் லைற்றை எடுத்தார். கேட்கத்தான் முடியாது, கண்டாவது பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம் வந்திருந்தது. தன்னை இப்படி நாலு பேருக்கு முன்னால் அம்மணமாக்கிய ஆள் யாரென்று தெரியாமல் விடுவதா?

றோசம்மாவுக்கு ஒரு கண்ணில் படலம். மற்றக் கண்ணிலும் கண்ணாடி இல்லாமல் பாதிதான் தெரியும். ஆகவே அவர் காது, இவர் கண் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு மனுஷராகப் புல்லுக்குள் இறங்கினார்கள்.

"வலப் பக்கம்" என்றார் றோசம்மா.

எமிலியாம்பிள்ளை வலப் பக்கம் போனார்.

"உங்கட வலம் இல்லை, என்ர வலம்."

திரும்பி வந்தார். சேற்றில் ஒரு செருப்பு புதைந்து நின்றுவிட்டது. அதை இழுத்தபோது வார் அறுந்தது. ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் சேற்றோடும் நின்று, "இப்ப?" என்று கேட்டார்.

"நிண்டுட்டுது. நீங்கள் போடுற சத்தத்தில."

இருவரும் அசையாமல் நின்றார்கள். நுளம்பு கடித்தது. மதிலுக்கு மேலாக நுஃமானின் தலை எழும்பி, நிலைமையை விளங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் றோசம்மா கையை உயர்த்தினார். தொடங்கிவிட்டது. கையால் காட்டியே அவரை நடத்தினார். இன்னும் கிட்ட, இன்னும் தாழ, அந்தச் செடிக்கு இங்கால். எமிலியாம்பிள்ளை குனிந்து, ரோர்ச் வெளிச்சத்தை விரலால் பாதி மறைத்துக்கொண்டு பார்த்தார். புல்லுத்தான் இருந்தது. வேறொன்றும் இல்லை. பிறகு அந்தப் புல்லின் ஒரு தாளுக்குக் கால்கள் இருப்பதைக் கண்டார்.

அது பச்சையாக, மெலிசாக, விரல் நீளத்தில் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டு இருந்தது. தலை கூம்பு மாதிரிக் கூராக முன்னுக்கு நீண்டிருந்தது. உடம்பை விட நீளமான இரண்டு மீசைகள், நூல் மாதிரி. வாயடியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு, வெற்றிலை போட்ட மாதிரி. முதுகில் மடிந்து கிடந்த செட்டைகள் கழுத்தடியில் மட்டும் துடித்தன. துடித்தன என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இடம் மட்டும் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

எமிலியாம்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் அது தன் முழுப் பலத்தோடும் பாடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தவளைதான் கேட்டது.

"றோசம்மா" என்றார் குசுகுசுவென்று. "நீ கண்ணை மூடு. சத்தம் வரேக்குள்ள கையைத் தூக்கு. நிக்கேக்குள்ள விடு. நான் இதின்ர செட்டையைப் பாக்கிறன்."

றோசம்மா கண்ணை மூடினார். அவருடைய கை உயர்ந்திருந்தது. செட்டை நின்றது. கை இறங்கியது. செட்டை கலங்கியது. கை உயர்ந்தது. இன்னொரு தரம், அதற்குப் பிறகு இன்னொரு தரம். ஒரு தரமும் பிசகவில்லை. தந்திக் கருவிக்கு முன்னால் இருந்தபோது காதால் வாங்கியதை இப்போது மனைவியின் கையால் வாங்கிக்கொண்டிருந்தார்.

"இவன்தான்" என்றார் கடைசியில்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் அவர் குனிந்தபடியே நின்றார். ஊத்தை இல்லை, பகிடி இல்லை, பிரமை இல்லை. பாட்டு அங்கே இருக்கிறது, தான்தான் அதற்கு வெளியே நிற்கிறேன் என்பதை அவர் முதல் தடவையாகக் கண்ணால் கண்டார்.

நுஃமான் மதிலேறிக் குதித்து வந்து தன் போனில் படம் எடுத்தார். அவருடைய மச்சான் ஒருவர் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவர். படத்தையும், பாட்டையும் பதிந்து அவருக்கு அனுப்ப, அடுத்த நாள் போனில் அவரே விளக்கம் சொன்னார். நுஃமான் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார்.

"இது வெட்டுக்கிளிக்குச் சொந்தக்காரனாம் மாஸ்டர். கூம்புத் தலை வெட்டுக்கிளி எண்டு சொல்லலாமாம். புல்லு வளந்த இடத்திலதான் இருக்குமாம். செட்டையைச் செட்டையில உரசித்தான் பாடுது. ஆண் மட்டும்தான் பாடுமாம். பொம்பிளை கேட்டுக்கொண்டு இருக்குமாம்."

"எங்கட வீடு மாதிரி" என்றார் றோசம்மா.

"காது முன்னங்காலில இருக்குதாம்."

"காலிலயோ?" எமிலியாம்பிள்ளை தன் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "நான் வீணாத் தலையில எண்ணெய் விட்டன்."

நுஃமான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி மீதியையும் சொன்னார். இந்தப் பூச்சியின் சத்தம் மிகவும் மேல் சுருதியாம். வயது போகப்போக முதலில் போவது அந்த மேல் சத்தங்கள்தானாம். சிலருக்கு முந்திப் போகும், சிலருக்குப் பிந்திப் போகும்.

"நாலரைக் கட்டை எண்டு சொன்னனே" என்றார் எமிலியாம்பிள்ளை. "அது எவ்வளவு பிழை எண்டும் கேட்டீங்களோ?"

"கேக்கல்ல மாஸ்டர்."

"நல்லது. கேக்காதீங்கோ."

பூச்சியின் கதை சின்னதாகவே முடிந்தது. ஒருநாள் காலையில் வந்துவிட்டுப் போன நுஃமான் அவசரத்தில் கேற்றைச் சாத்திக் கொளுவாமல் போக, கழுதைகள் உள்ளே வந்து முற்றத்துப் புல் முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போயின. கீரையும் போனது. அன்று பொழுதுபட்டபோது றோசம்மா யன்னலடியில் நின்று, "ஒரு சத்தமும் இல்லை. இனி நித்திரை கொள்ளலாம்" என்றார். எமிலியாம்பிள்ளைக்கு நேற்றும் இன்றும் ஒரே மாதிரித்தான் இருந்தது. றோசம்மா சொல்லித்தான் வித்தியாசம் தெரிந்தது.

நத்தாருக்குக் கிறிஸ்து பிறப்புப் பாட்டுகள் பழகத் தொடங்கிய முதல் நாள், பாடகர் குழு கோயில் மண்டபத்தில் கூடியிருந்தது. எமிலியாம்பிள்ளை வழமைபோல ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு ஆர்மோனியத்தை மூடினார்.

"ஒரு விஷயம் சொல்லோணும்" என்றார். "எனக்கு மேல் சத்தங்கள் கேக்கிறதில்லை. ஒரு வெட்டுக்கிளி வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். பெற்றிசியா, நீ ஒரு எழுத்தையும் விழுங்கேல்லை. நான்தான் விழுங்கினனான். முன்னுக்கு வா பிள்ளை."

பெற்றிசியா அசையாமல் நின்றாள். அவள் அரச பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். திட்டு வாங்கிய ஒரு வருடத்திலும் ஒரு பாட்டுப் பழக்கத்துக்காவது வராமல் நின்றதில்லை. கீழ்க்குரல் வரிசையில் நின்ற சந்தியோகு, பகலில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குத் தெரியும் மாஸ்டர்."

"தெரியுமோ? எப்பவில இருந்து?"

"போன பாஸ்குத் திருநாளுக்கு முந்தின பாஸ்குவில இருந்து. எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏனப்பா ஒருத்தரும் சொல்லேல்லை?"

சந்தியோகு பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். "சொன்னவங்கள் மாஸ்டர். பெண்கள் பக்கம் இருந்துதான் சொன்னவை. உங்களுக்குக் கேக்கேல்லை."

முதலில் சிரித்தவர் எமிலியாம்பிள்ளைதான். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிவு வந்தது. இவ்வளவு காலமும் தான் விரலை நீட்டிய நேரமெல்லாம், பிழை விட்டவரும் விடாதவரும் சேர்ந்து தலையை ஆட்டி, அதே மாதிரியே திருப்பிப் பாடி, 'இப்ப சரி' என்று தன்னிடம் பாராட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிய வந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது, அந்தச் சனத்தின் பொறுமையை நினைக்க இன்னும் என்னவோ போலவும் இருந்தது.

பெற்றிசியா முன்னுக்கு வந்தாள். முன்வரிசையில் நிற்கப் போனவளை அவர் மறித்து, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில், தன்னுடைய இடத்தில் நிற்கச் சொன்னார்.

"நானோ மாஸ்டர்?"

"உன்ர காதுதான் இதுக்குள்ள நல்ல காது. ஒரு வருஷம் என்ர பேச்சைக் கேட்டும் உன்ர பாட்டை மாத்தாமல் இருந்தியெல்லோ."

அவர் போய்ப் பின்னால் நின்ற கீழ்க்குரல் வரிசையில், சந்தியோகுவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். கீழ்ச் சத்தங்கள் அவருக்கு இன்னும் நன்றாகவே கேட்டன. முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டுத்தானே, கண்ணை மூடிக்கொண்டே பாடலாம் என்று கண்ணை மூடினார்.

பாலன் பிறந்த பாட்டின் இரண்டாவது அடியில் பெற்றிசியா கையை உயர்த்தினாள். பாட்டு நின்றது.

"பின்வரிசையில ஒருத்தர் கொஞ்சம் இறங்கிறியள்" என்றாள்.

எமிலியாம்பிள்ளை கண்ணைத் திறந்து முதலில் சந்தியோகுவைப் பார்த்தார். சந்தியோகு கூரையைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே ஒருவரும் இல்லை. வரிசை முழுவதும் மிகவும் மரியாதையாக வேறு வேறு திசைகளில் பார்த்துக்கொண்டு நின்றது.

"மாஸ்டர்" என்றாள் பெற்றிசியா, சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில். "நீங்கள் அந்த அடியை ஒருக்காத் தனியப் பாடிக் காட்டுங்கோ."

பாடினார்.

"சொட்டு ஏத்திப் பிடியுங்கோ."

ஏற்றிப் பிடித்தார். அவள் தலையைச் சரித்துக் கேட்டாள். இல்லை என்று மெல்ல ஆட்டினாள். இன்னொரு தரம் பாடினார். மூன்றாந்தரம் அவள் இல்லை என்று ஆட்டாமல், ஆர்மோனியத்தில் கையை வைத்து, எல்லாரையும் முதல் அடியிலிருந்து தொடங்கச் சொன்னாள்.